பட்டியல் பதில் ஆகுமா?

அக்கா மகனுக்குக் கடுமையான ஹீமோஃபிலியா ஏ. ரத்தத்தை உறையவைக்கும் எட்டாம் காரணி ஒரு சதவீதத்துக்கும் கீழே. அவனோடு சிகிச்சைக்கு வரும் இன்னொரு பையனுக்கும் அதே அளவு, அதே மரபுப் பிறழ்வு. அவனுக்கு வருடத்தில் இரண்டு முறை மூட்டில் ரத்தம் கசிகிறது. இவனுக்கு மாதத்தில் இரண்டு முறை. "ஏன்டா இப்படி?" என்றாள் அக்கா. பதில் தேடித்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

சுமார் 22 எழுத்து நீளத் துணுக்குகள் இவை. தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைக் குறைக்கும். 1993இல் ஒரு புழுவில் இவற்றைக் கண்டறிந்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள். ரத்தத்தில் எளிதில் சிதையாதவை என்பதால் நோயின் போக்கை இவை காட்டிக்கொடுக்கலாம் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். என் சண்டை, கணினி தந்த பட்டியலையே கண்டுபிடிப்பாக எழுதும் கட்டுரைகளோடு.

ஒரு கணக்கு போடுவோம். ஒட்டுவதற்கு முக்கியமானவை ஏழு எழுத்துகள். நான்கு வகை எழுத்துகளில் ஏழு சேர்ந்தால் 16,384 சேர்க்கைகள். எட்டாம் காரணியின் தூது ஆர்.என்.ஏ.வில் துணுக்குகள் ஒட்டும் வால்பகுதி சுமார் 1,800 எழுத்து. மனிதரில் பதிவான துணுக்குகள் 2,600க்கு மேல். பெருக்கி வகுத்தால், வெறும் தற்செயலாகவே 280 பொருத்தங்களுக்கு மேல் வரும்! டார்கெட்ஸ்கேன் போன்ற நிரல்கள் பரிணாமத்தில் மாறாமல் நின்ற இடங்களைப் பார்த்து வடிகட்டுகின்றன. அப்போதும் மிஞ்சுவது ஊகம்தான்.

எட்டாம் காரணி பெரும்பாலும் கல்லீரலின் நுண்குழாய்ச் சுவர்களில் உள்ள செல்களில் உருவாகிறது. பட்டியலில் உள்ள துணுக்கு அந்தச் செல்லில் இருக்கிறதா? ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலே மைக்ரோ ஆர்.என்.ஏ. 451இன் அளவு எகிறிவிடும், அதைச் சோதித்தார்களா? முப்பது நோயாளிகளை வைத்துக்கொண்டு 2,600 எண்களில் தேடினால் ஏதாவது ஒன்று மாட்டத்தான் செய்யும். எங்கள் தொழிலில் இதை ஓவர்ஃபிட்டிங் என்போம். புதிய தரவு வந்ததும் பல்லிளித்துவிடும்.

காரணி அளவும் பிறழ்வும் சொல்லாத ஒன்றை, முன்பின் பார்த்திராத நோயாளியிடம், ரத்தம் கசிவதற்கு முன்பே சொல்ல வேண்டும். அதைச் செய்யாத ஒன்றை உயிர்க்குறியீடு என்று எப்படி அழைப்பது?

அக்காவிடம், "இன்னும் தெரியலக்கா" என்றேன். ஒரு கட்டுரையை நீட்டி இதுதான் காரணம் என்றிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.