பிரிவதற்கும் ஒரு பத்தி வேண்டும்

ராயப்பன்பட்டிப் பக்கத்துப் பன்னீர் திராட்சை வியாபாரத்தில் எழுத்துக்கு வேலை குறைவு. வியாபாரி பந்தலுக்குள் குனிந்து நுழைந்து கொத்தைப் புரட்டிப் பார்ப்பார், விலை பேசுவார், முன்பணம் கொடுப்பார், அதோடு சரி. மச்சானும் மாப்பிள்ளையும் பணம் போட்டு லாரி வாங்கி, சொந்தமாகச் சரக்கு அனுப்பலாம் என்று இறங்கும்போதுதான் பத்திரம் என்ற பேச்சே எழுகிறது. அதுவும் வங்கியில் கணக்குத் தொடங்கவும் ஜிஎஸ்டி எண் வாங்கவும் கேட்கிறார்களே என்பதற்காக.

டைப்பிங் சென்டரில் மாதிரி தயாராக இருக்கும். முந்தின வாரம் ஜவுளிக்கடைக்குப் போன வாசகத்தில் பெயரையும் தொழிலையும் மாற்றி, முத்திரைத்தாளில் அச்செடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. யார் எவ்வளவு போட்டார், லாபம் எந்த விகிதத்தில், காசோலையில் யார் கையெழுத்து என்ற மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. பங்கைப் பேசி வைக்காத கூட்டில் லாபமும் நட்டமும் சரிபாதி என்கிறது 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம். எட்டு லட்சம் போட்டவருக்கும் இரண்டு லட்சம் போட்டவருக்கும் ஒரே பங்கு! அந்தச் சண்டையை இரண்டு பக்க மாதிரிப் பத்திரம் தொடங்கும் முன்பே தடுத்துவிடுகிறது. சில நூறு ரூபாய்க்கு இது பெரிய உதவி.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மாதிரிகள் சேர்வதற்காக எழுதப்பட்டவை. பிரிவைப் பற்றி, சாவைப் பற்றி வாய் திறப்பதில்லை. நல்ல நாளில் அதை யார் பேசுவது என்ற கூச்சமும் உண்டு. ஆனால் மாற்று ஏற்பாடு எழுதியிருந்தாலொழிய, கூட்டாளி ஒருவர் இறந்தால் கூட்டே கலைந்துபோகும் என்கிறது 42-ஆவது பிரிவு. அந்த ஏற்பாட்டை எழுதினாலும் இருவர் கூட்டுக்கு அது உதவாது. ஒருவர் போனபின் மிஞ்சுவது ஒரே ஆள். ஒரே ஆள் எப்படிக் கூட்டாக முடியும்? 1965-இல் சேட் கோவிந்தராம் சுகர் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மச்சான் கடைகள் பெரும்பாலும் இருவர் கடைகள்தானே! வாரிசும் உடன்பட்டுப் புதிய கூட்டாக எழுதிக்கொண்டால்தான் லாரி ஓடும்.

இரண்டாவது குறை பதிவு. முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் கடை பதிவாகிவிட்டது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிறுவனத்தைப் பதிவது தனி வேலை. சட்டம் அதைக் கட்டாயம் என்று சொல்லவில்லை. 69-ஆவது பிரிவு வேறு வழியில் பிடிக்கிறது. பதியாத கூட்டு, சரக்கு வாங்கிய வெளியாள் மீது ஒப்பந்தப் பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்கலாம், அவ்வளவுதான். சிறு தொகைக்கு ஒரு விலக்கு உண்டு: 100 ரூபாய் வரை! 1932-இல் அது ஒரு தொகை. இன்று ஒரு பெட்டிப் பழத்துக்குக் காணாது.

பதிந்தவர்களுக்கும் நிம்மதி முழுதாக இல்லை. மகனைக் கூட்டில் சேர்த்தால் அவர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். பத்திரம் ஒருமுறை எழுதிப் பூட்டி வைக்கும் பொருள் அல்ல என்பது எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்குத் தெரியாததா? நமக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறே 1886-இல் 999 ஆண்டுக்கு எழுதிய குத்தகைப் பத்திரத்தில் நிற்கிறது. ஏக்கருக்கு 5 ரூபாய் என்றிருந்த வாடகையை 1970-இல் 30 ரூபாயாக்கித் துணை ஒப்பந்தம் போட்டார்கள்.

கூட்டின் கடனுக்குக் கூட்டாளியின் சொந்தத் தோட்டமும் பதில் சொல்ல வேண்டும் என்பதால், 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படியான எல்எல்பி-க்கு, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைக்கு, மாறச் சொல்கிறார்கள் ஆடிட்டர்கள். தோட்டத்துக்குப் பாதுகாப்புதான். ஆனால் வியாபாரமே நடக்காத வருடத்திலும் படிவம் 8, படிவம் 11 இரண்டையும் தாக்கல் செய்தாக வேண்டும். ஒரு லாரிக்கு அது பாரம்.

2002-இல் சட்டத்துக்குள் வந்த உற்பத்தியாளர் கம்பெனி விவசாயிக்கு நெருக்கமானது. பத்து விவசாயிகள் சேர்ந்தால் தொடங்கலாம். பங்கு எத்தனை இருந்தாலும் தனி உறுப்பினருக்கு ஒரு வாக்குதான். கோளாறு அதன் சங்க விதிகளில். யாரோ ஆங்கிலத்தில் தயாரித்த மாதிரியில் விவசாயி பெருக்கல் குறியிட்ட இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். தனக்கு வாக்கு உண்டு என்று அந்தத் தாளில் இருப்பதை அவர் படித்ததே இல்லை.

என் தீர்ப்பு மாதிரிப் பத்திரத்துக்கு எதிரானதல்ல. அது பாதிப் பத்திரம். மீதிப் பாதியைக் கடைக்காரர்தான் சொல்லி எழுத வைக்க வேண்டும். அடுத்த முறை டைப்பிங் சென்டருக்குப் போகும்போது வீட்டுக்காரம்மாவையும் கூட்டிப் போங்கள். கையெழுத்துக்கு முன் முழுவதையும் தமிழில் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். “இவருக்கு ஏதாவது ஆனால் என் பங்கு எனக்கு எப்படி வரும்?” என்று அவர்தான் கேட்பார்.