முள்ளந்தண்டும் வீரகாதையும்

போர் இலக்கியம் காயத்தைப் பாடும். நோயைப் பாடுவது அரிது. குண்டு துளைத்த மார்புக்கு அங்கே இடமுண்டு. காலையிற் படுக்கையைவிட்டு எழவொட்டாமற் செய்யும் நாரிப்பிடிப்புக்கு இடமில்லை. இரத்தம் சிந்தாத வலி இது. வைத்தியர் கண்ணுக்கும் எளிதிற் புலப்படாதது. உடையவன் சொல்லே அதற்குப் பெரும்பாலும் சாட்சி. எவனுடைய சொல்லை ஒரு படை நம்புகிறது? இவ்வினாவை மனத்திற் கொண்டு, துணிவுக்கு எடுத்துக்காட்டாகப் பல நாடுகளிலும் சொல்லப்பட்டுவரும் கதை ஒன்றை மீண்டும் படித்துப் பார்த்தோம்.

ஜோன் ஹேர்சி எழுதிய 'உயிர்தப்பல்' என்னுங் கட்டுரை 1944 யூன் 17ஆந் திகதி 'நியூயோர்க்கர்' இதழில் வெளிவந்தது. 1943 ஓகஸ்ட் 2ஆந் திகதி அதிகாலை, சொலமன் தீவுக் கடலில் யப்பானிய நாசகாரிக் கப்பலொன்று பீ.ரீ. 109 என்ற டோப்பிடோப் படகைப் பிளந்து சென்றது. பதின்மூவருள் இருவர் மாண்டனர். படகின் தலைவரான ஜோன் எவ். கென்னடி, எரிகாயமுற்ற மக்மஹன் என்ற எந்திரத் தொழிலாளியின் மிதவைச் சட்டைப் பட்டியைப் பற்களாற் கவ்வியவாறு மணிக்கணக்காக நீந்தித் தீவொன்றிற் சேர்த்தார். ஹேர்சி தலைவரின் வாய்மொழியோடு அமையாது, படகில் இருந்த சாதாரண வீரரையுந் தேடிச்சென்று விசாரித்தவர். அவரது நடையில் ஆரவாரமில்லை. கென்னடியின் துணிவை நாமும் மறுக்கவில்லை.

ஆயினும் அம் முதுகு அன்றைய மோதலில் முதன்முறையாகக் கெட்டதன்று. 1941இல் அதே முதுகின் காரணமாகத் தரைப்படை அவரை ஏற்க மறுத்தது. கடற்படையும் முதலில் ஏற்கவில்லை. தந்தையார் இலண்டனில் அமெரிக்கத் தூதுவராயிருந்த செல்வர். அத் தூதரகத்தில் அவரோடு பணிபுரிந்த அலன் கேர்க் அப்போது கடற்படைப் புலனாய்வுப் பகுதிக்குத் தலைவர். கதவு திறந்தது. அலைக்கு அலை எகிறி விழும் மரப்படகில், பழுதுற்ற முள்ளந்தண்டோடு ஓர் இளைஞர் ஏறினார். வைத்திய விடுதிக்குப் போக மறுத்து, நலமாயிருப்பதாகப் பாசாங்கு செய்தார் என்று துணை அதிகாரி லென்னி தாம் கடிதங்களில் எழுதிவந்த செய்தியை வரலாற்றாசிரியர் றொபேட் டாலக் எடுத்துக்காட்டுகிறார். கட்டுரை வெளிவந்த அதே மாதத்தில் முதுகிற் சத்திரசிகிச்சை நடந்தது, குணம் வாய்க்கவில்லை. 1945 மார்ச்சில் உடற்குறையின் பேரிற் படையிலிருந்து ஓய்வு. பின்னர் 1957க்குள் மேலும் மூன்று சத்திரசிகிச்சைகள்.

ஹேர்சியின் கட்டுரைக்கு இந்த நீண்ட வலி பொருளன்று. நீந்திய இரவே பொருள். அதைச் சுருக்கி 'ரீடேர்ஸ் டைஜெஸ்ட்' வெளியிட்டது. 1946ஆம் ஆண்டுத் தேர்தலில் அப்பிரதிகள் வீடுவீடாகச் சென்றன. மறைத்த நோய் வீரத்திற்கு அடித்தளமாயிற்று, வீரம் வாக்காயிற்று. (அதே ஆண்டில் இதே ஹேர்சி ஹிரோஷிமாவைப் பற்றி எழுதியது இதனினும் உயர்ந்த படைப்பு என்பது எமது துணிபு. அங்கே உடல்கள் எவருடைய புகழுக்கும் உழைக்கவில்லை.)

இனி, தந்தையின் செல்வாக்கு இல்லாத ஒருவன் தன் உடலைப் பற்றிப் படையிடம் பேசினால் யாது நிகழும்? 1921 முதல் வெளிவந்து, 1923இல் ஆசிரியர் இறந்தமையால் முற்றுப்பெறாது நின்ற யரோஸ்லாவ் ஹாஷெக்கின் 'நல்ல வீரன் ஷ்வெய்க்' நாவல் இதற்கு விடை தருகிறது. நாய் விற்றுப் பிழைக்கும் ஷ்வெய்க்குக்கு முழங்கால் வாதம். ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் படை அழைத்தபோது அவன் மறுக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்து, ஊன்றுகோலை வீசிப் போர் முழக்கம் செய்துகொண்டே போகிறான். நோயை ஒளித்துப் படையிற் சேர்ந்தவர் மாவீரரானார். நோயோடு வெளிப்படையாக வந்தவன் இராணுவச் சிறையின் நோயாளர் விடுதிக்கு அனுப்பப்படுகிறான். அங்கே சிகிச்சை என்பது படிப்படியான தண்டனை: பட்டினி, கொயினா, இரைப்பை கழுவல், சவர்க்கார நீரால் எனிமா, ஈரத்துணிச் சுற்று. வலி பொய்யென்று ஒப்புக்கொள்ளும்வரை அது நீளும்.

ஹாஷெக்கின் படைப்பில் எம்மைப் பெரிதும் தைத்தது பௌற்சே என்ற வைத்தியர். பதினோராயிரம் பேரைச் சோதித்து, ஒருவன் நீங்கலாக மற்றெல்லோரையும் பாசாங்குக்காரர் என்று தீர்த்தவர் அவர். எஞ்சிய ஒருவன் அவர் இட்ட உறுமலைக் கேட்டு அவ்விடத்திலேயே வீழ்ந்தான். அவன் இறந்துவிட்டான் என்று அறிந்த பின்பும், அப் பாசாங்குக்காரனை அப்புறப்படுத்துமாறே வைத்தியர் கட்டளையிடுகிறார்.

ஷ்வெய்க்கின் வலி மெய்தானா என்று விமர்சகர் ஐயுறலாம். அவன் சிரிப்பு யாரையும் ஏமாற்றவல்லது. ஆனால் அவ்வாறு ஐயுறும் கணத்தில் நாமும் வைத்தியரின் நாற்காலியில் அமர்ந்துவிடுகிறோம் என்பது கவனிக்கத்தக்கது. நாவலின் தொடக்கத்தை மீண்டும் புரட்டினோம். படை இன்னும் அழைக்கவில்லை. வேலைக்காரியைத் தவிர வீட்டில் வேறு எவருமில்லை. அவன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.