உப்புத்தாளின் உராய்வுக் குணகம்: ஓர் அளவீட்டுத் திறனாய்வு

சாய்தளத்தில் உப்புத்தாளை ஒட்டி, அதன்மீது மரக்கட்டையை வைத்து, கட்டை நழுவத் தொடங்கும் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பை உப்புத்தாளின் உராய்வுக் குணகம் எனக் குறிப்பது செய்முறை வகுப்புகளில் நிலைத்துவிட்ட வழக்கம். இம்மதிப்பு தேய்ப்புப் பொருளின் பண்பைக் காட்டுகிறதா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. காட்டவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

உராய்வு விசை சுமைக்கு நேர்விகிதத்தில் அமையும், தோற்றப் பரப்பைச் சாராது என 1699இல் அமோன்டன் கூறினார். கூலும் 1785இல் வெளியிட்ட ஆய்வு அதனை விரிவுபடுத்தியது. இவ்விதிகளைக் கையாளும்போது, உராயும் பரப்புகள் அளவீட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே தன்மையில் இருக்கும் எனச் சொல்லாமலே கொள்கிறோம். தேய்ப்புப் பொருளுக்கோ பரப்பை மாற்றுவதே தொழில்.

பவுடனும் டேபரும் 1950இல் வெளியான தம் நூலில் உராய்வை ஒட்டுதல், உழுதல் என இரு கூறுகளாகப் பிரித்தனர். உப்புத்தாளின் மணி மென்பரப்பில் ஏரின் கொழுவைப் போலச் சால் இடுகிறது. மணியை ஒரு கூம்பாகக் கருதி, ஒட்டுதலைப் புறக்கணித்தால், உராய்வுக் குணகம் தாக்குகோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பை 2/π ஆல் பெருக்கக் கிடைப்பதாகும். கோணம் 45 பாகை எனில் 0.64, 30 பாகை எனில் 0.37, முனை மழுங்கி 15 பாகையானால் 0.17. இச்சமன்பாட்டில் மணியின் கடினத்தன்மைக்கு இடமே இல்லை என்பது கருதத்தக்கது. தேய்க்கப்படும் பொருளைவிட மணி போதிய அளவு கடினமாயிருந்தால், குருந்தமும் சிலிக்கன் கார்பைடும் ஒத்த வடிவில் ஒரே எண்ணைத் தரும். ஆகவே நாம் அளப்பது மணியின் அப்போதைய கூர்மையை, பொருளை அன்று. சாய்தள முறையிலோ உழுதல்கூட முழுமையாக நிகழ்வதில்லை. கட்டையின் சொந்த எடையில் மணிகள் சிறிதளவே பதிகின்றன. கிடைப்பது நழுவுமுன் உள்ள பிடிப்பின் அளவு மட்டுமே.

இன்னொரு குழப்பமும் உண்டு. மிகுந்த உராய்வு மிகுந்த தேய்மானத்தைக் குறிக்காது. தாக்குகோணம் ஒரு வரம்புக்குக் கீழ் இருப்பின், மணி பொருளைச் சீவாமல் இருபுறமும் வரப்பாக ஒதுக்கிவிடுகிறது; ஆற்றல் செலவாகும், துகள் உதிராது. ஆர்ச்சர்டின் 1953ஆம் ஆண்டுத் தேய்மானச் சமன்பாட்டில் சுமை, தொலைவு, கடினத்தன்மை, ஒரு தேய்மானக் கெழு ஆகியவை உள்ளன. உராய்வுக் குணகம் இல்லை. ஏஎஸ்டிஎம் ஜி132 சோதனையில் ஊசி ஒவ்வொரு கணமும் தேயாத புதுத்தடத்தில் நகருமாறு அமைக்கப்படுவதும் மணி மழுங்குவதை உணர்ந்த ஏற்பாடே.

தமிழில் எழுதும்போது உராய்வு, தேய்மானம், சிராய்ப்பு ஆகியவற்றை ஒன்றற்கொன்று மாற்றாகக் கையாள்வது இக்குழப்பத்தை வளர்க்கிறது. விசைக்கு உராய்வு, இழப்புக்குத் தேய்மானம், கடினமணி கீறும் செயலுக்குச் சிராய்ப்பு என வரையறுத்துக்கொள்ளலாம். அளவீட்டு அட்டவணையில் தாளின் தரம் (பி120 எனில் மணியின் சராசரி அளவு 125 மைக்ரான்), சுமை, எதிர்ப்பரப்பு, எத்தனையாவது ஓட்டம் ஆகிய நான்கும் இடம்பெற வேண்டும். ‘உப்புத்தாள்: 0.6’ என்று மட்டும் எழுதிய செய்முறைக் குறிப்பேட்டில், அது புதுத்தாளா, முப்பது மாணவர் கைமாறிய தாளா என்பதற்கு விடை இல்லை.