ஆங்கிலத் துறையில் ஒப்பிலக்கியம்

இந்தியாவில் ஒப்பிலக்கியத்துக்கென ஒரு தனித்துறை 1956இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதை நிறுவியவர் வங்கக் கவிஞர் புத்ததேவ போஸ். 1907இலேயே தாகூர் கல்கத்தாவில் ‘விசுவ சாகித்யம்’ (உலக இலக்கியம்) பற்றிப் பேசியிருந்ததால் மண் பக்குவப்பட்டிருந்தது. தெற்கே இந்தப் படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் துறையின் பெயரிலேயே இரண்டும் உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் காசர்கோட்டிலுள்ள கேரள மத்தியப் பல்கலைக்கழகமும் ‘ஆங்கிலம், ஒப்பிலக்கியம்’ என்றே முதுகலைப் பட்டம் தருகின்றன.

இந்தச் சேர்க்கையில் ஆங்கிலத்தின் கை ஓங்கிவிடுவது எளிது. ஹோமரையும் தாகூரையும் ஆங்கிலத்தில் படிப்பதில் தவறில்லை. ஆனால் குறுந்தொகையை மூலத்திலேயே படிக்கக்கூடிய மாணவரும் 1967இல் வெளிவந்த ஏ.கே. ராமானுஜன் மொழிபெயர்ப்போடு நின்றுவிட்டால், அவர் கையிலிருக்கும் மூலமொழி அறிவு பயன்படாமல் போகிறது. அந்த மொழிபெயர்ப்பு அருமையானது என்பதாலேயே அதை மூலத்தோடு வரிவரியாக வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒப்பீடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு க. கைலாசபதியைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இலங்கையிலிருந்து பர்மிங்ஹாம் சென்று, கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார். சங்கப் பாடல்களை ஹோமர் முதலான வீரயுகப் பாடல்களோடு வைத்து, அவை பாணர்களின் வாய்மொழி மரபில் பிறந்தவை என்று வாதிட்டார். 1968இல் அது ஆங்கில நூலாக வந்தது. 1975இல் அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் மறுத்தார்: பாணர் மரபைப் பின்பற்றி எழுத்தறிந்த புலவர்கள் இயற்றியவை இவை என்றார். அவர் துணைக்கு அழைத்தது கிரேக்கத்தை அல்ல, ஹாலனின் பிராகிருத அகப்பாடல்களை. தக்காணத்துப் பொது மரபொன்றிலிருந்து இரண்டும் கிளைத்தன என்பது அவர் கருத்து. எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது மாறியதும் சங்கப் பாடல்களின் தோற்றம் பற்றிய விடையே மாறிவிட்டது! முதுகலை வகுப்பில் ஒரு பருவம் முழுவதையும் இந்த ஒரு வழக்குக்கே கொடுக்கலாம்.

யார் யாரிடம் கடன் வாங்கினார் என்று கணக்கெழுதும் ஒப்பீட்டை 1958இலேயே ஒப்பிலக்கிய அறிஞர் ரெனே வெல்லெக் கடுமையாகச் சாடினார். நம் ஆய்வேடுகளில் அந்தக் கணக்கு இன்னும் ஓயவில்லை.

அதைத் தாண்டி ஆய்வேட்டுக்குப் பொருள் தேடும் மாணவருக்கு நான் ‘மனோன்மணீய’த்தைச் சொல்வேன். சுந்தரனார் 1891இல் வெளியிட்ட அந்த நாடகத்துக்கு லிட்டனின் ‘இரகசிய வழி’ என்ற ஆங்கிலக் கதைப்பாடல் மூலம். இரண்டையும் படிக்க ஆங்கிலமும் தமிழும் போதும். கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். அந்தக் கதையைப் பாண்டிய நாட்டில் நிறுத்தி, தமிழைத் தெய்வமாக வணங்கும் வாழ்த்தோடு ஏன் தொடங்கினார், திருவனந்தபுரத்துத் தத்துவப் பேராசிரியர் ஒருவருக்கு அன்று அது ஏன் தேவைப்பட்டது என்ற கேள்விகளுக்கே மீதிப் பக்கங்கள் வேண்டும்.