எண் இல்லாத ஓட்டக்காரி

சாலை ஓட்டப் பந்தயங்களில் எடுத்த படங்களைக் கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டு வருகிறேன். சென்னை, கோவை, மதுரை என்று ஊர்தான் மாறுகிறது, படம் மாறவே இல்லை. ஒரே ஆள், இரண்டு காலும் தரையில் படாத நொடி, முகத்தில் சிரிப்பு, நெஞ்சில் எண், பின்னால் கரைந்துபோன பச்சை. அந்தப் பச்சை நகரத்துச் சாலையோர மரமா, பாச்சலூர் காப்பித் தோட்டமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்குப் படம் எடுப்பவரின் ரசனையை நான் குறை சொல்லமாட்டேன். காரணம் விற்கிற முறையில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான படங்களை உரியவரிடம் சேர்க்க வேண்டும். மென்பொருள் படத்தில் எண் எங்கே என்று தேடி, அதைப் படித்து, பதிவுப் பட்டியலோடு பொருத்துகிறது. சில இடங்களில் முகத்தையும் வைத்துத் தேடுகிறார்கள். எண் தெளிவாகத் தெரிந்தால்தான் படம் விலை போகும். அதனால் நேர் எதிரே நிற்க வேண்டும், நீள லென்ஸ் வேண்டும், ஃப்ரேமுக்கு ஒரு ஆள் போதும். எண் மடங்கிப்போனவரும் துப்பட்டா எண்ணை மறைத்தவரும் தேடலில் வரமாட்டார்கள். இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது தேடுவதற்கு வசதியான படம். நல்ல படமா என்பது வேறு கேள்வி.

1967 பாஸ்டன் மாரத்தான் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கே. வி. ஸ்விட்சர் என்று பதிந்து, 261ஆம் எண்ணோடு ஓடியவர் கேத்ரின் ஸ்விட்சர். அந்த எண்ணைப் பிடுங்கப் பாய்கிறார் போட்டி அதிகாரி ஜாக் செம்பிள். கூட ஓடிய நண்பர் அவரை இடித்துத் தள்ளுகிறார். பத்திரிகையாளர் வண்டியிலிருந்து ஹாரி டிராஸ்க் எடுத்த அந்த வரிசைப் படங்கள் உலகம் முழுக்கப் போயின. யார் தடுக்கிறார், யார் காப்பாற்றுகிறார் என்று எல்லாமே ஒரே ஃப்ரேமில் இருக்கிறது. இன்றைய பாணியில் 261ஐ மட்டும் வெட்டி எடுத்திருந்தால் என்ன மிஞ்சும்? சாம்பல் நிற உடையில் ஓடுகிற ஒரு பெண், அவ்வளவுதான்.

அதே பந்தயத்தில் பாபி கிப் என்ற இன்னொரு பெண்ணும் ஓடினார். 1966இல் விண்ணப்பித்தபோது பெண் என்று சொல்லி மறுத்துவிட்டதால், எண் இல்லாமலே ஓடி முடித்தவர். 1967இல் ஸ்விட்சரைவிடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்னால் வந்தார். பாஸ்டன் பெண்களை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது 1972இல்தான். ஆனால் இன்றைக்குப் பலருக்கும் தெரிந்தது 261தான். கிப் இப்போது ஓடினால் நம்ம மென்பொருளுக்கும் அவரைத் தெரியாது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாகப் பாச்சலூருக்கு ஏறும் சாலையில் ஓடுகிறவர்களை நானும் எடுப்பதுண்டு. ஏறுகிறவர் முகத்தில் சிரிப்பெல்லாம் இருக்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்குவார், சில பேர் இடுப்பில் கை வைத்து நடந்துவிடுவார்கள். 28 எம்எம் லென்ஸில் எடுத்தால் கொண்டை ஊசி வளைவு, மேட்டின் சரிவு, ஓரமாக ஒதுங்கி நிற்கிற தோட்ட வேலைக்காரர்கள் எல்லாம் உள்ளே வருகிறார்கள். ஓடுகிறவர் சின்னதாகத்தான் தெரிவார். ஆனால் அவர் எதை ஏறிக்கொண்டிருக்கிறார் என்பது தெரியும்.

'காசு கட்டி ஓடினவன் என் படத்தைத்தானே கேட்பேன்?' என்பீர்கள். நியாயம்தான். படம் எடுப்பவருக்கும் பிழைப்பு நடக்கணும். ஆனால் முகத் தேடல் வந்தபிறகு இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஓடினவர் பதிவுப் படிவத்தில் சம்மதம் கொடுத்திருப்பார். வேலைக்குப் போகிற வழியில் ஒதுங்கி நின்ற அம்மா எதிலும் கையெழுத்துப் போடவில்லை. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைப் பற்றி இவ்வளவு பேசும்போது, அவர் முகத்தையும் சேர்த்து அலசுவது சரியா என்று நடத்துகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

நான் கேட்பது சின்ன விஷயம். பத்துப் பேர் எண்ணைத் துரத்தட்டும், பதினோராவது ஆள் அகல லென்ஸோடு ஒரு வளைவில் நிற்கட்டும். கடைசி ஆள் வரும்வரை நிற்கட்டும். கோப்பில் இடமும் நேரமும் எழுதி வைக்கட்டும். ஐம்பது வருஷம் கழித்துப் பதிவுப் பட்டியல் எந்த சர்வரிலும் இருக்காது, நெஞ்சில் உள்ள எண் யாருடையது என்று சொல்ல ஆளும் இருக்காது. அன்றைக்கு இந்த மலையில் ஓட்டம் எப்படி இருந்தது என்று தேடுகிறவருக்கு அந்தப் பதினோராவது ஆளின் படங்கள்தான் உதவும்.