தோண்டுமுன் விற்கப்பட்ட சுரங்கம்: தென்கிழக்கு வயநாட்டுத் தங்க நிறுவனங்களின் முதலீட்டு அழைப்பு – ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: தென்கிழக்கு வயநாடு, தேவாலா, தங்கச் சுரங்கம், தகவலறிக்கை, கூட்டுப்பங்கு மூலதனம், கோலார்.

முன்னுரை

நீலகிரி மாவட்டத்தின் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட தங்கச் சுரங்கங்களின் வாய்கள் காட்டினூடும் தேயிலைத் தோட்டங்களின் ஓரங்களிலும் இன்றும் காணக்கிடைக்கின்றன. இவற்றை வெட்டுவதற்கென 1880ஐ ஒட்டிய ஓரிரு ஆண்டுகளில் இலண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கூட்டுப்பங்கு நிறுவனங்கள் தோற்றுவிக்கப்பட்டன. அவற்றின் பெயரளவு மூலதனம் ஏறத்தாழ 40 இலட்சம் பவுண்டு ஸ்டெர்லிங் ஆகும். சில ஆண்டுகளுக்குள் அவை ஒவ்வொன்றாகச் சரிந்தன.

இவ்வீழ்ச்சிக்கு இருவகை விளக்கங்கள் வழக்கமாகக் கூறப்படுகின்றன. பாறையில் போதிய தங்கம் இல்லை என்பது ஒன்று. முதலீட்டாளர்கள் பேராசையால் மதிமயங்கினர் என்பது மற்றொன்று. முன்னது பழியை நிலத்தின் மீதும், பின்னது மனித இயல்பின் மீதும் சுமத்துகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் நின்று பணத்தைத் திரட்டிய எழுத்து எவ்விளக்கத்திலும் கேள்விக்குள்ளாவதில்லை. பொதுமக்களைப் பங்கு வாங்க அழைத்த 'பிராஸ்பெக்டஸ்' என்னும் தகவலறிக்கையையும் அதற்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்ட வல்லுநர் அறிக்கையையும் ஒரு சொல்லாடல் வகைமையாகக் கொண்டு திறனாய்வு செய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசின் அறிக்கையும் தோட்டக்காரரின் நிலமும்

தென்கிழக்கு வயநாடு 1877இல் மலபார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியுடன் இணைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1874இல், தேவாலாவுக்கு அருகில் ஆல்பா தங்க நிறுவனம் பணியைத் தொடங்கியிருந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் 1875இல் இப்பகுதியை ஆராய்ந்தார். எனினும் இலண்டன் சந்தையை அசைத்தது அடுத்து வந்த அறிக்கையே. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா குடியேற்றத்தில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த ராபர்ட் பிரவ் ஸ்மித் 1879இல் இந்திய அரசால் அழைக்கப்பட்டு இங்குள்ள குவார்ட்சு நரம்புகளைப் பார்வையிட்டார். நம்பிக்கையூட்டும் அவருடைய அறிக்கை 1880இல் வெளிவந்தது.

அந்த அறிக்கை அரசுப் பொருளில் எழுதப்பட்ட அரசு ஆவணம். அது பங்கு விற்பனைக்கு வந்து சேர்ந்தபோது அதன் பயன் மாறியது. ஆட்சியாளருக்குத் தரப்பட்ட கணிப்பு முதலீட்டாளருக்குத் தரப்படும் உறுதிமொழிபோல ஒலிக்கலாயிற்று. எழுதியவர் மாறவில்லை, சொற்களும் மாறவில்லை. வாசிப்பவர் மாறியதால் அதே சொற்கள் ஏற்ற பொறுப்பு மாறியது. இப்பொறுப்பை அரசும் ஏற்கவில்லை, நிறுவனங்களும் ஏற்கவில்லை.

இக்காலகட்டத்தில் நிலத்தை விற்கக் காத்திருந்தோரையும் கருத்திற்கொள்ள வேண்டும். இலைத்துரு நோயும் தண்டுத் துளைப்பானும் வயநாட்டின் காப்பித் தோட்டங்களை நலிவுறச் செய்திருந்தன. காப்பி விளையாத நிலம் 'தங்கம் தாங்கிய நிலம்' என்னும் புதிய பெயர் பெற்றபோது அதன் விலை தோட்ட விலையாக இல்லாமல் சுரங்க விலையாக உயர்ந்தது. திரட்டப்பட்ட மூலதனத்தில் பெரும்பங்கு இந்நிலங்களுக்கான கொள்முதல் விலையாகவே சென்றது. சுரங்கம் வெட்டவும், கல்லிடிக்கும் எந்திரங்களை மலையேற்றவும் எஞ்சியது சிறுபகுதியே. ஆகவே சுரங்கத்தின் பெயரால் திரண்ட பணத்தில் பெரும்பகுதி சுரங்கத்துக்குள் நுழையவேயில்லை.

தகவலறிக்கையின் அமைப்பு

தகவலறிக்கை ஒரு நிலையான வடிவம் கொண்டது. இயக்குநர்களின் பெயர்கள், மூலதனம், பங்கின் விலை, நிலத்தின் பரப்பும் அமைவிடமும், வல்லுநர் கருத்து, எதிர்பார்க்கப்படும் ஈவு என்னும் வரிசையில் அது நகர்கிறது. ஆங்கிலத்தில் இவ்வறிக்கையைக் குறிக்கும் சொல்லும், கனிமம் தேடும் தொழிலைக் குறிக்கும் சொல்லும் 'முன்நோக்கிக் காணுதல்' என்னும் பொருள்தரும் ஒரே இலத்தீன் வேரில் பிறந்தவை. இரண்டும் இன்னும் காணாததைக் காண முயல்பவை. தேடுபவர் காண்பதற்காகத் தோண்டுகிறார். அறிக்கை எழுதுபவரோ கண்டுவிட்டதாக எழுதியாக வேண்டும். சுரங்கத்தைத் தோண்டினாலன்றி உள்ளே இருப்பது தெரியாது. உள்ளே இருப்பது தெரிந்தாலன்றிப் பணம் வராது. இம்முரணை மொழியால் கடப்பதே இவ்வகைமையின் வேலை. பாறையின் மேற்பரப்பில் எடுத்த மாதிரியின் மதிப்பு நரம்பு முழுவதன் மதிப்பாக விரிக்கப்படுவது அவ்வாறு கடக்கும் முறைகளுள் முதன்மையானது.

நிலவியல் நோக்கில் இவ்விரிவாக்கமே பிழையானது. வானிலையால் சிதைந்த மேற்படிவில் தங்கம் தனித்துகள்களாக விடுபட்டுச் செறிந்திருக்கக்கூடும். ஆழத்தில் அது கந்தகக் கனிமங்களுடன் பிணைந்திருப்பதால் பாதரசத்தைக் கொண்டு பிரித்தெடுப்பது கடினம். எந்திரங்கள் இயங்கியபோது டன்னுக்குச் சில பென்னிவெயிட் தங்கமே கிட்டியது. இதை 'நிலம் ஏமாற்றியது' என்று கூறுவது பொருந்தாது. மேற்பரப்பைப் பற்றி நிலம் கூறியது உண்மையே. ஆழத்தைப் பற்றிக் கூறியது அறிக்கை.

அக்காலச் சட்டம் இதற்கு இடமளித்தது. 1867ஆம் ஆண்டு ஆங்கிலேய நிறுவனச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, நிறுவனம் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் தேதியையும் தரப்பினர் பெயர்களையும் தகவலறிக்கையில் குறிக்க வேண்டும் என்றது. ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தை அச்சிட வேண்டும் என்று கூறவில்லை. யார் யாரிடம் விற்றார் என்பதை வாசகர் அறியலாம். என்ன விலைக்கு வாங்கியதை என்ன விலைக்கு விற்றார் என்பதை அறிக்கையிலிருந்தே அறிய வழியில்லை. டெரி எதிர் பீக் வழக்கில் 1889இல் பிரபுக்கள் சபை, தான் நேர்மையாக நம்பிக் கூறிய பொய்க்கூற்று மோசடியாகாது எனத் தீர்ப்பளித்தது. அதன் விளைவாகவே நியாயமான ஆதாரமற்ற கூற்றுகளுக்கு இயக்குநர்களைப் பொறுப்பாக்கும் சட்டம் 1890இல் இயற்றப்பட்டது. வயநாட்டு முதலீட்டாளர்களுக்கு அது காலம் கடந்து வந்த சட்டம்.

பழங்குழி என்னும் சான்று

வயநாட்டுத் தங்கத்துக்கு முன்வைக்கப்பட்ட சான்றுகளுள் குறிப்பிடத்தக்கது பழங்குழிகளின் இருப்பு. ஐரோப்பியர் வருமுன்பே குறும்பரும் பணியரும் ஓடைமணலை அலசியும் பாறையைக் குடைந்தும் தங்கம் எடுத்துவந்தனர். இக்குழிகள் முதலீட்டு வாதத்தில் இருவேறு பணிகளைச் செய்கின்றன. முதலாவதாக, தங்கம் உண்டு என்பதற்கு அவை சாட்சியாகின்றன. இரண்டாவதாக, எளிய கருவிகள் கொண்டோர் மிகுதியை விட்டுச்சென்றிருக்க வேண்டும் என்பதற்கும் அவையே சாட்சியாகின்றன. அதாவது, தங்கத்தைக் கண்டறியும் அளவுக்கு அம்மக்கள் அறிவுடையோர். அதை எடுத்து முடிக்கும் அளவுக்கு அறிவற்றோர். எளிதில் கிட்டும் செறிவான பகுதியை அவர்கள் எடுத்துச் சென்றிருக்கலாம், எஞ்சியது செலவுக்கு ஈடாகாது என விட்டிருக்கலாம் என்னும் மூன்றாவது வாசிப்புக்கு இவ்வாதத்தில் இடமில்லை. அவ்வாசிப்பு அவர்களைத் தொழிலறிந்தோராக மதித்தால் மட்டுமே தோன்றும். அவ்வாறு மதித்திருந்தால் முதலீட்டாளரின் பணமும் ஓரளவு காக்கப்பட்டிருக்கும். பழங்குடி அறிவைப் புறந்தள்ளியது அறம் சார்ந்த குறை மட்டுமன்று, கணக்குப் பிழையும் ஆகும்.

கோலார் எதிர்ச்சான்றாகுமா?

இக்கருத்துக்குக் கோலாரை எதிர்ச்சான்றாகக் காட்டலாம். மைசூர் சமஸ்தானத்தின் கோலார் பகுதியில் கிராம மக்கள் தங்கம் எடுத்துவந்ததை லெப்டினன்ட் ஜான் வாரன் 1802இல் கண்டு பதிவுசெய்தார். அப்பதிவால் தூண்டப்பட்ட மைக்கேல் லாவெல் 1870களில் சுரங்க உரிமை பெற்றார். 1880இல் மைசூர் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றியது. அதன் மூலதனமும் தீரும் நிலையை எட்டியது. எஞ்சிய தொகையைக் கொண்டு பணியைத் தொடரப் பங்குதாரர் இசைந்த பின்னரே, பழங்குழிகளுக்குக் கீழே சாம்பியன் நரம்பு கண்டறியப்பட்டது. அங்குத் தொடங்கிய தொழில் 2001 பிப்ரவரி 28 வரை நீடித்தது.

கோலாரிலும் முன்வைக்கப்பட்டது பழங்குழி வாதமே. அங்கு அது பலித்தது, வயநாட்டில் பலிக்கவில்லை. ஒரே வாதம் ஓரிடத்தில் உண்மையாகவும் மற்றோரிடத்தில் பொய்யாகவும் முடிந்தது எனின், அவ்வாதத்துக்குத் தனியே மெய்ப்பிக்கும் ஆற்றல் இல்லை என்பதே பெறப்படும் முடிவு. கோலாரின் வெற்றி வயநாட்டு அறிக்கைகளை நியாயப்படுத்தவில்லை. வென்றதை மட்டுமே நினைவில் வைக்கும் வரலாறு அவ்வாறு தோன்றச் செய்கிறது. கோலாரின் ஈவுத்தொகை வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளரின் உடலுழைப்பிலும், பாறை வெடிப்பு விபத்துகளிலும், நுரையீரல் நோயிலும் தேய்ந்த வாழ்வுகளிலும் ஈட்டப்பட்டது. முதலீட்டுக் கணக்கில் இச்செலவுக்குத் தனி வரி இல்லை.

முடிவுரை

டபிள்யூ. பிரான்சிஸ் 1908இல் வெளியிட்ட நீலகிரி மாவட்ட விவரச்சுவடி இவ்வெழுச்சியையும் வீழ்ச்சியையும் பதிவுசெய்துள்ளது. அப்பதிவைத் தகவலாகப் பயன்படுத்துவதோடு நின்றுவிடாமல், நிறுவன ஆவணங்களையே பனுவல்களாக வாசிக்கும் முயற்சி தமிழ் ஆய்வுலகில் வளர வேண்டும். கலைக்கப்பட்ட நிறுவனங்களின் பதிவுக்கோப்புகள் பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன. சாசனத்தையும் செப்பேட்டையும் கொடையளித்தவர், பெற்றவர், எல்லை, சாட்சி எனப் பகுத்து வாசிக்கப் பழகிய நமக்குத் தகவலறிக்கையைப் பகுத்து வாசிப்பது புதிய திறனன்று. கொடையாணையில் யாருடைய நிலம் யாருக்குப் போனது என்று கேட்கும் அதே கேள்வியை இங்கும் கேட்கலாம்.

இவ்வாய்வு கடந்தகாலத்தோடு முடிவதன்று. கைவிடப்பட்ட தேவாலாச் சுரங்கங்களில் அனுமதியின்றித் தங்கம் தேடி இறங்கியோர் அண்மைக்காலத்திலும் உயிரிழந்துள்ளனர். பங்குகள் காகிதமாகி மறைந்தன, குழிகள் மறையவில்லை. பழைய சுரங்கங்களுக்குப் புதிய முதலீடு திரட்டும் பேச்சு எழும்போதெல்லாம், தங்கம் உண்டா என்ற கேள்விக்கு முன்பு, திரளும் பணத்தில் எத்தனை பங்கு சுரங்கத்துக்குள் செல்லும், பணி நின்றபின் குழியை மூடும் செலவு யாருடையது என்ற இரு கேள்விகள் கேட்கப்பட வேண்டும். 1880இன் அறிக்கைகள் இவ்விரண்டுக்கும் விடையளிக்கவில்லை. அவ்விடையின்மையின் விளைவைத் தேவாலா மக்கள் இன்றும் சுமக்கின்றனர்.