வெந்நீரில் குழையும் வேஷ நகை

குருணை அரிசிபோல் இருக்கும் இந்த வெள்ளை மணிகளை எவர்சில்வர் கிண்ணத்து வெந்நீரில் கொட்டினால் அடியில் போய்ப் படிகின்றன. நீர் கொதிக்க வேண்டியதில்லை; 65 டிகிரி செல்சியஸ் போதும். சற்று நேரத்தில் வெண்மை மறைந்து, மணிகள் தெளிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கரண்டியால் அள்ளி, நீரை உதறிவிட்டுப் பிசைந்தால் நினைத்த வடிவத்துக்கு வளையும். ஆறியதும் பழையபடி வெள்ளையாகி இறுகிவிடும். தடித்த துண்டைக் கையால் ஒடிக்க முடியாது.

இதன் வேதிப்பெயர் பாலிகேப்ரோலாக்டோன், சுருக்கமாக பிசிஎல். பாலிமார்ஃப், இன்ஸ்டாமார்ஃப் ஆகியவை இதன் விற்பனைப் பெயர்கள். நைலானைத் தந்த வாலஸ் கரோதர்ஸின் ஆய்வுக்குழு 1930களின் தொடக்கத்திலேயே இதை உருவாக்கிவிட்டது. புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சையில் நோயாளியின் தலை அசையாமலிருக்க முகத்தின்மேல் போர்த்தும் வலைமுகமூடியும் பெரும்பாலும் இந்த வகைப் பிளாஸ்டிக்தான். வெந்நீரில் இளக்கி, முகத்தின்மீதே அழுத்தி வடிவமைப்பார்கள். மனித உடலோடு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும் பொருள் வேஷம் கட்டுபவர்களுக்கும் பயன்பட வேண்டும் அல்லவா?

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே உள்ள உப்பிலியபுரத்தில், ஒரு வீட்டு அடுப்படியில் இது சோதிக்கப்பட்டது. கேக் செய்யும் சிலிகான் அச்சில் அழுத்தியபோது, ஆறிய துண்டு ஒட்டாமல் கழன்று வந்தது. பிளாஸ்டிக் கொழுக்கட்டை அச்சு இதற்கு ஆகாது, சூட்டில் பிடித்துக்கொள்கிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு என்றால் உட்புறம் சோப்புக் கரைசல் தடவ வேண்டும். இது திரவமாக ஓடும் பொருள் அல்ல. மாவுபோல் விரலால் அழுத்தித்தான் மூலைமுடுக்குகளை நிரப்ப வேண்டும். அவசரப்பட்டால் பூவிதழின் நுனி மழுங்கிப்போகும். பிசையும்போது உள்ளே தங்கும் வெந்நீர் சட்டென்று வெளியே வந்து விரலைச் சுடும். குழந்தைகளிடம் தனியே கொடுக்கக் கூடாது.

தெருக்கூத்தில் கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம் எல்லாம் காலங்காலமாக லேசான மரத்தில் செதுக்கியவை. கல்யாண முருங்கை அதற்குப் பேர்போனது. மேலே வண்ணத்தாள், கண்ணாடித் துண்டுகள். புரிசை முதல் காஞ்சிபுரம் வரை, துரியோதனன் அந்தக் கிரீடத்தோடுதான் விடிய விடிய ஆடுகிறார். அந்த மரம் நீரில் மிதக்கும், பிசிஎல் மூழ்கும். அதன் அடர்த்தி நீரைவிடச் சற்று அதிகம், கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.14 கிராம். முழுக் கிரீடத்தையும் இதில் செய்தால் ஆடுபவரின் கழுத்துதான் பாடுபடும். மரத்தின் இடத்தை இது பிடிக்காது, பிடிக்கவும் வேண்டாம்.

இது அசத்துவது கண்ணாடி பதிப்பதில். ஆட்டத்தின் உலுக்கலில் உதிர்வது பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுகள்தான். பசை காய்ந்தால் பிடி விட்டுவிடும். இளகிய பிசிஎல்லை மெல்லிய திரியாக உருட்டி, சில்லின் விளிம்பைச் சுற்றிக் கட்டினால் ஆறும்போது லேசாகச் சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்கிறது. சில்லு உடைந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெந்நீரில் நனைத்து இளக்கி மாற்றிக்கொள்ளலாம். எம்-சீல் போன்ற எபாக்சி மக்கு இறுகினால் இறுகியதுதான், பிறகு உளிதான் வேண்டும். வாளின் கைப்பிடியை ஆடுபவரின் விரல் தடத்துக்கே பொருந்த வார்ப்பதற்கும், காதுக்குப் பின்னே மாட்டும் கொக்கிக்கும் இதைவிட எளிய வழி இல்லை.

பெரிய குறை வெயில். உருகுநிலை ஏறத்தாழ 60 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் திருச்சி வட்டாரம் 40 டிகிரியைத் தாண்டும். வெயிலில் பூட்டி நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடக்கூடியது. கூத்து இரவில் நடப்பதால் மேடையில் ஆபத்தில்லை. ஆட்டம் முடிந்து மறுநாள் நடுப்பகலில் வேன் கூரைமேல் கட்டிய தகரப் பெட்டிதான் உண்மையான சோதனைக்களம். நேர்வெயிலில் கிடக்கும் துண்டு கறுப்பு வண்ணம் பூசியது என்றால் இன்னும் சீக்கிரம் சூடேறும்.

வெயிலில் நிற்க வேண்டிய வேஷத்துக்கு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஜெர்மானியத் தயாரிப்பான வோர்ப்லா தகடு 90 டிகிரியில்தான் இளகும். ஹீட் கன் வேண்டும், விலையும் கூடுதல். 2024 பிப்ரவரியில் சென்னையில் முதன்முறையாகக் கூடிய காமிக் கான் போன்ற விழாக்களுக்குக் கவசம் செய்பவர்கள் அதிகம் நம்புவது ஈவா நுரைத்தகடு. எடை குறைவு, சூட்டில் வளையும். கதாயுதம், வில் செய்ய பிவிசி குழாயை அடுப்புத் தீயில் வாட்டும் பழக்கத்தை மட்டும் கைவிடுவது நல்லது. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது நுரையீரலை அரிக்கும்.

பிசிஎல்லை உப்புத்தாளால் தேய்க்கவும் முடியாது. உராய்வின் சூட்டில் மேற்பரப்பு இழையிழையாகிவிடுகிறது. ஆகவே சூடாக இருக்கும்போதே ஈரவிரலால் மழுக்கி, பிசிறைக் கத்தரித்துவிட வேண்டும். அக்ரிலிக் வண்ணம் ஏறும், ஆனால் வளைந்தால் உரியும். தங்க நிறப் பொடியைப் பிசையும்போதே கலப்பது மேல். அப்படிக் கலந்த மிச்சத்தைத் தனி டப்பாவில் எடுத்து வைத்தால் அடுத்த பதக்கத்துக்கு ஆகும்; வெள்ளை மணிகளோடு சேர்த்துவிட்டால் மொத்தமும் மங்கிய மஞ்சளாகிவிடும்.